நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே

கால் நனையாமல் ஒரு எண்ணைக்கூட நோட்டில் எழுதாத ஒரு பெண்மணியோடு நான்கு வருடம் வேலை பார்த்தேன். நானோ கால் நனையக் கூடாது என்பதற்காகவே கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியவன்.

பெங்களூரின் மழைநீர்க் கால்வாய்களை இங்கே ராஜகாலுவே என்பார்கள். அவற்றின் வடிவத்தையும் அவற்றில் ஓடும் தண்ணீரின் வேகத்தையும் அளந்து, எவ்வளவு மழைக்கு எந்தத் தெரு முழுகும் என்று சொல்வது எங்கள் கம்பெனியின் தொழில். கால்வாயில் இறங்கி அளப்பது அவர். அவர் அளந்து வந்ததை ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு ஊட்டிவிட்டு, “எமது ஆய்வின்படி” என்று அறிக்கை எழுதுவது நான். கம்பெனிக் கணக்கில் நான் அவருக்கு இரண்டு படி மேல். அதனால் என்னை “சார்” என்பார். அவர் வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நான் ஒரு படி இறங்குவேன்.

அடுகோடிக்குப் பின்பக்கம், ஒரு கால்வாய் ஓரமாக, அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாகச் சொந்த வீடு இருந்தது. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடியபோது கைக்கு வந்ததை மகளிடம் கொடுத்து, பூமிக்கு மேலே ஏதாவது வாங்கிக்கொள் என்றாராம். அப்படி வாங்கிய வீடு. இப்போது அது இல்லை. இல்லாமல் போனதில் என் கைக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆள் குள்ளம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சுடிதார், அதற்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய பாக்டரிச் சட்டை. துப்பட்டா தலையில் முண்டாசாக இருக்கும். எழுதுவது பென்சிலில்தான். “தண்ணி பட்டா பேனா ஓடிப்பூடும் சார். பென்சில் ஓடாது” என்பார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்ட பக்கத்துக்கு அவர் ஜாமீன் என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், களத்தைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போனேன். கரையில் நின்று, பெரிய ஆள் தோரணையில், “இங்கே ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்றேன்.

“இருக்குமா?” என்று என் ஷூவைப் பார்த்தார். “நின்னு பாத்தாத்தான் தெரியும் சார்.”

ரோஷம் வந்து இறங்கினேன். இரண்டாவது அடியில் வழுக்கி, கால்வாயின் அகலத்தை என் உயரத்தால் அளப்பதுபோல் குறுக்கே விழுந்தேன். எழுந்து நின்றபோது மார்பு வரை கறுப்புச் சேறு. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். துடைக்கத் துணி தருவார் என்று நினைத்தேன். “அப்படியே நில்லுங்க, அசையாதீங்க” என்று சொல்லி, என் சட்டையில் சேறு எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்தார். அளவுகோல் பிடிக்கும் முனியப்பாவிடம், “எழுதிக்கோ, நல்லாத் தெளிவா வுழுந்துகீது” என்றார். அந்தக் கால்வாயின் முதல் ஆழ அளவு என் மூன்றாவது சட்டைப் பொத்தான்.

தண்ணீரின் வேகத்தை அளக்க மீட்டர் ஒன்று ஆபீஸில் உண்டு. பெங்களூர்க் கால்வாயில் அதை விட்டால் இரண்டே நிமிடத்தில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளும். அதனால் அவர் எலுமிச்சம்பழத்தை மிதக்க விடுவார். மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு, நடுவே பழம் எத்தனை நொடியில் போகிறது என்று பார்ப்பார். விவேக் நகர்ப் பக்கம் ஒரு நாள் அப்படி நான்காவது பழத்தை விட்டபோது, ஒரு அம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்துவிட்டார். “யார மனெகெ மாட்ஸ்தா இதீரா?” என்று கன்னடத்தில் ஒரே கத்தல். யார் வீட்டுக்குச் செய்வினை வைக்கிறாய் என்கிறார். தெருவே கூடிவிட்டது.

நான் அங்கிருந்த ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்று போனில் பேசுவதுபோல் பாவனை செய்தேன். அவர் ஓடவில்லை. அந்த அம்மாளையே கரைக்குக் கூப்பிட்டு, கையில் பழத்தைக் கொடுத்து விடச் சொன்னார். இன்னொருத்தியிடம் போனைக் கொடுத்து நொடி எண்ணச் சொன்னார். பத்து நிமிடத்தில் அந்தத் தெருவே பழம் விட்டுக்கொண்டிருந்தது. துடைப்பக்கார அம்மாள் டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து எலுமிச்சைக்குப் பதில் கமலாப்பழம். அதில் இரண்டை நான் தின்றுவிட்டதால் ஒருநாள் வேலை பாதியில் நின்றது. “ஆய்வுக் கருவியத் தின்ன மொத இன்ஜினியர் நீங்கதான் சார்” என்றார்.

வெள்ளம் வந்து போன வீடுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பதும் அவர் வேலை. இதில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கணுக்காலைக் காட்டுவார், வாடகைக்கு இருப்பவர் கழுத்தைக் காட்டுவார். இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று உள்ளே போய், இரும்பு பீரோவின் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பார். துரு எங்கே முடிகிறதோ அங்கே டேப்பை வைப்பார். பீரோ பொய் சொல்லாது என்பதல்ல; பீரோவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் என்பார். அளந்து முடித்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் புத்தகப் பையை அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டு வருவார். இது எங்கள் வேலைப் பட்டியலில் இல்லை.

இப்போது இன்டர்போலேஷன் என்ற சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது மீட்டருக்கு ஒரு இடத்தில் கால்வாயின் குறுக்கே அளப்போம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். நடுவில் வளைவோ குறுகலோ இருந்தால் அங்கேயும் அளக்க வேண்டும். அளக்காவிட்டாலும் மோசமில்லை, மேலே இருக்கும் அளவையும் கீழே இருக்கும் அளவையும் வைத்து நடுவில் இப்படித்தான் இருக்கும் என்று கம்ப்யூட்டரே ஊகித்துப் படம் போட்டுவிடும். பார்க்க உண்மையான படத்தைவிட அழகாக இருக்கும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு அது தெய்வம்.

அவர் அதற்கு வைத்த பெயர் கப்ஸா.

ஒரு தடவை அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டதென்று, ஓர் இடத்தை நானே அப்படி நிரப்பிவிட்டேன். படத்தைப் பார்த்தார். என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்கே போனார். கால்வாயின் பாதியை மறித்துக்கொண்டு ஒரு குடிநீர்க் குழாய். அதில் ஒரு மெத்தை, ஒரு சோபா, பெயர் சொல்ல முடியாத பல வஸ்துகள் சிக்கிக் கிடந்தன.

“உங்க படத்துல சோபா எங்க சார்?”

“கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க்கா.”

“அதுக்குத் தெரியாது, சரி. அது பக்கத்துல ஒரு மனுசன் குந்திக்கினு இருந்தாரே, அவருக்கு?” கரையில் இருந்த வரிசை வீடுகளைக் காட்டினார். “தோ, இங்க ஒரு அம்மா கொழந்தையத் தரையில படுக்க வெச்சுகிறாங்க. அவங்க உங்க படத்த நம்பிப் படுக்க வெச்சுகிறாங்க.”

அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்தினோம். எனக்கு மேலே இருந்தவர் என்னை வறுத்தெடுத்தார். அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன்: இனி நடுவில் எதையும் ஊகிக்கக் கூடாது. என் வாழ்க்கையில் நான் எடுத்து, காப்பாற்றிய ஒரே நல்ல முடிவு அது. அந்த வீட்டின் மேல் போய் விழுந்ததும் அதுதான்.

அவர் வீட்டுக்கு விருந்தாளியாக ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அவருக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடமோ என்னவோ, சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆட்டோக்காரர் மூன்று சந்து திருப்பி இறக்கிவிட்டார். எனக்குத் திசை ஞானம் கிடையாது. வரைபடம் போட்டுப் பிழைக்கிறேன் என்பது வேறு விஷயம். வீட்டுக்காரர் ஹெப்பகோடியில் ஷிப்ட் வேலை, அதிகம் பேசாதவர். சுவரில் ஒரு புத்தர் படம், கீழே சின்ன பல்பு. சாப்பிடும்போது எங்கிருந்தோ தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“கால்வாய் சார். பின்னாடி கீது,” என்றார். “வாங்கசொல்ல எனக்கு அளக்கத் தெரியாது. வாங்குன பின்னாடிதான் இந்த வேலைக்கே வந்தேன்.” இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு, “மொத நாளு டேப்பு கையில குடுத்தாங்க பாருங்க, அன்னைக்கு ராவே தெரிஞ்சிபோச்சு” என்றார். நான் ரசத்தைப் பற்றி ஏதோ ஜோக் அடித்தேன். என்ன தெரிந்துபோனது என்று கேட்கவில்லை.

அடுத்த வருடம் அந்தக் கால்வாயையே எங்களுக்குக் கொடுத்தார்கள். இந்தத் தடவை வெள்ளக் கணக்கு மட்டுமல்ல. பழைய கருங்கல் கரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கால்வாயின் அசல் அகலத்தைச் சொல்ல வேண்டும். அதை வைத்து மாநகராட்சிக்காரர்கள், எதுவரை கால்வாய் நிலம் என்று ஒரு கோடு போடுவார்கள். ஒரு வீட்டில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் வந்தால் முழு வீடும் போகும். பாதிக்குக் குறைவென்றால் உள்ளே வந்ததை மட்டும் இடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வீடு அந்தக் கால்வாய்மேல் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் அளந்தார்கள். வெள்ளிக்கிழமை நோட்டுகளை என் மேஜையில் வைத்தார்.

“நாப்பத்தொண்ணுக்கும் நாப்பத்திரெண்டுக்கும் நடுவுல ஒரு வளைவு கீது சார். அது வுட்டுப்போச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான்கு வருடத்தில் அவருக்கு எதுவும் விட்டுப்போனதில்லை.

“மேலயும் அளவு கீது, கீழயும் கீது,” என்றார். “நீங்க கம்ப்யூட்டர்லயே பாத்துப் போட்டுக்குங்க.”

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் தலைப்பு மட்டும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை. ஊருக்குப் போகிறேன், அப்பாவுக்குப் படையல், திங்கட்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு சராசரி அறிவுள்ள மனிதனுக்கு இந்த இடத்தில் ஏதாவது உறைத்திருக்கும். எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான்: அக்கா மாட்டிக்கொண்டார். நான்கு வருடமாக என்னை ஓட்டியவரை ஓட்ட ஒரு வாய்ப்பு. அவர் வருவதற்குள் நானே இறங்கி அளந்து, அந்தப் பக்கத்தை நிரப்பி, “கப்ஸா வேண்டாம் என்று நானே நின்று பார்த்துவிட்டேன்” என்று நீட்ட வேண்டும். அந்த வசனத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை முனியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த இடத்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர் கோலைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

“பேடா சார், வேண்டாம். மேடம் வரட்டும்.”

“அவங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் முனியப்பா.”

“மேடம் வரட்டும் சார்,” என்றார் மறுபடியும். அவர் அவ்வளவுதான் சொல்லக்கூடியவர். நான் அவ்வளவில் புரிந்துகொள்ளக்கூடியவனாக இல்லை.

கால்வாய்க்குள்ளிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி. பின்சுவர், குழாய், காயும் துணி. அந்த வளைவில் ஒரு வீட்டின் அடுப்படி கால்வாய்மேல் தூணில் நின்றது. அதன் அடியில் இருட்டு. பழைய கல் கரை அந்த இருட்டுக்குள் எங்கோ இருக்க வேண்டும். மேலோட்டமாக அளப்பவன் தூணோடு நிறுத்திக்கொள்வான். நான் நிறுத்தவில்லை. குனிந்து, தவழ்ந்து, உள்ளே போய்க் கருங்கல்லைக் கையால் தொட்டேன். அப்போது தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். ஒரு பாத்திரம் உருண்டது. குழாய் வழியாகக் கை கழுவிய தண்ணீர் என் முதுகில் கொட்டியது. முனியப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். போகும்போது விதிப்படி அந்தத் தூணில் சிவப்புப் பெயின்டால் ஒரு அடையாளமும் போட்டேன். கோணலாக வந்ததென்று அழித்து மறுபடி போட்டேன்.

திங்கட்கிழமை அவர் வந்ததும் நோட்டை நீட்டி என் வசனத்தைச் சொன்னேன். பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கல்லத் தொட்டீங்களா?”

“தொட்டேன்க்கா. தவழ்ந்து போனேன். மேல ஒரு மகானுபாவர் சாப்பிட்டுக் கை கழுவி என் முதுகிலேயே ஊத்திட்டார்.”

“சாம்பாரா, ரசமா?”

“ரசம்.”

சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். “ரசந்தான்,” என்றார். “வெச்சிட்டுத்தான் ஊருக்குப் போனேன்” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பொருள் மண்டையில் ஏறவில்லை. அந்த வசனத்துக்கு அவரிடமிருந்து பாராட்டு வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பென்சிலை எடுத்தார். “நடுக்கோட்டுலேர்ந்து அந்தப் பக்கம் மூணு எழுவது. இந்தப் பக்கம் நாலு எம்பது. மொத்தம் எவ்ளோ சார்?”

“ஏழு அம்பது.”

“எட்டு அம்பது.”

ஒரு மீட்டர் விட்டுவிட்டேன். இன்ஜினியரிங்கில் கூட்டல் ஆப்ஷனல் பேப்பர் என்று ஜோக் அடித்தேன். அவர் என் ஏழரையை ஒரே கோடாக அடித்து, மேலே எட்டரை என்று எழுதினார். பென்சில் நுனி சற்று நேரம் தாளிலேயே நின்றது. பிறகு அடியில் கையெழுத்துப் போட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

அந்த ஒரு மீட்டரில்தான் எல்லாம் இருந்தது. ஏழரை என்றால் அடுப்படி மட்டும் போகும். எட்டரை என்றால் வீடே போகும். என் முட்டாள்தனம் ஒரே ஒரு முறை யாருக்காவது உதவியிருக்கும். அதையும் அவரே திருத்திவிட்டார். அளக்காமல் விட்டுவிட அவரால் முடிந்தது. தப்பாக எழுதியதன் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை.

இடிக்கப்போகும் வீடுகளின் பட்டியல் வந்த அன்றுதான், அதில் அக்காவுடைய வீட்டுக்காரர் பெயரைப் பார்த்து, எனக்குப் புரிந்தது. ஓடினேன். வாசலில் சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை வீட்டுக்குள் போய், அடுப்படி ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். நான் போட்ட சிவப்பு அடையாளம் நேர்த்தியாக இருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“இன்னான்னு சொல்றது? அளக்காதேன்னா?” அலமாரித் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டே பேசினார். “அளக்காம வுட்டது என் தப்பு சார். அளந்தது உங்க தப்பில்ல. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.”

“நான் ஒரு...”

“தெரியும். அலமாரிய அந்தப் பக்கம் புடிங்க. தனியாத் தூக்க முடியல.”

பிடித்தேன். அதைத் தவிர அன்றைக்கு நான் செய்தது எதுவுமில்லை. அவர் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். ஹெப்பகோடியில், வீட்டுக்காரர் பாக்டரிக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு கம்பெனியில் பொருள்களின் எடை சரிபார்க்கிற வேலை என்றார்.

போன ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த காலையில் அந்தத் தெருவுக்குப் போனேன். கால்வாய் அகன்று, கரை கட்டி, நிறையத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வரிசையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. ஒரு பெண் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கணக்கு அத்தனையும் சரி.

அவருக்குப் போன் செய்தேன்.

“எதிர் வரிசையில எந்த வீட்டுக்கும் தண்ணி வரலைங்க்கா.”

“அப்படியா. நல்லது சார்.” பின்னால் ஏதோ லாரி போகும் சத்தம் கேட்டது. நான் வைத்துவிடலாமா என்று நினைத்தபோது, குரல் சற்றே இறங்கி வந்தது.

“அடுப்படிகிட்ட இன்னா ஆழம் ஓடுது?”

அங்கே அடுப்படி இல்லை, தண்ணீர்தான் இருந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். புதுக் கரையில் இறங்கப் படிகள் வைத்திருக்கிறார்கள். கடைசிப் படியையும் தாண்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றேன். பாதித் தொடைக்கு மேல் ஏறியது.

“இடுப்புக்கு ஒரு சாண் கம்மிங்க்கா,” என்றேன்.

“ம்,” என்றார். எழுதிக்கொள்கிறவர் மாதிரி.